கரண்ட் திரும்பி வரும் நேரம்

யு.பி.எஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பேட்டரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை ஏ.எச், எத்தனை மணி நேரம் தாங்கும், வாரன்டி எத்தனை வருஷம்? பேட்டரி வெறும் சேமிப்பு. யு.பி.எஸ் பெட்டி சம்பாதிக்கும் கூலி வேறொரு வேலைக்கு. இப்போது எந்த வழியாகக் கரண்ட் கொடுப்பது, எந்தக் கணத்தில் வழி மாறுவது, மாறியதை எப்போது திருப்புவது என்று ஓயாமல் முடிவெடுப்பதுதான் அந்த வேலை. இதிலும் கரண்ட் போகும்போது மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. திரும்பி வரும்போது மாறுவதில்தான் வில்லங்கம் எல்லாம் இருக்கிறது.

ஓசூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது தளி. குளிருக்காக வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வைத்த ஊர். இன்று அந்தக் குளிரை நம்பி வாழ்பவை ரோஜாப் பசுமைக்குடில்கள். பறித்த பூவைச் சில டிகிரி வெப்பநிலையில் வைக்கும் குளிர் அறை, சொட்டு நீரில் உரம் கலந்து விடும் கன்ட்ரோலர் என்று தோட்டத்திலேயே மின்னணுச் சாமான் வந்துவிட்டது. ஓசூர்ப் பக்கம் திரும்பினால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன். இவை மூன்றும் 1980-களில் வேரூன்றியவை. அவற்றுக்கும் பெங்களூருவுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சி.என்.சி பட்டறைகள் சிப்காட்டிலும் சிட்கோவிலும் சந்து பொந்தெல்லாம் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் யு.பி.எஸ் இல்லாத தொழிற்கூடத்தைக் காண்பது அரிது.

2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கரண்ட் இல்லாமல் இருந்ததே பெரிய பிரச்சினை. 2012-ல் பல மாவட்டங்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். இப்போதைய பிரச்சினை வேறு. பட்டறைக்காரர்கள் அதை ‘டிப்’ என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் ஒரு காற்று அடிக்கும். எங்கோ ஒரு கிளை 11 கிலோவோல்ட் லைன் மேல் விழும். அந்த லைனுக்குரிய பிரேக்கர் துண்டித்துக்கொள்ள ஏறக்குறைய 100 மில்லிவினாடி ஆகும், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் அதே துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மற்ற எல்லா லைன்களிலும் வோல்டேஜ் பாதிக்குக்கூட இறங்கிவிடலாம். உங்கள் லைனில் கிளை விழவில்லை, கரண்டும் போகவில்லை, டியூப் லைட் ஒரு முறை கண் சிமிட்டியதோடு சரி. ஆனால் கான்டாக்டர் விட்டுவிடும், டிரைவில் ‘அண்டர் வோல்டேஜ்’ என்று அலாரம் வரும், பாதி கடைந்த பாகத்தில் டூல் சிக்கி நிற்கும். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டால் விடுமுறை விட்டுவிடலாம். பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு என்ன விடுமுறை விடுவது?

யு.பி.எஸ் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவினாடி. அதற்குள் வோல்டேஜ் ஒரு முறை மேலே 325 வரை ஏறி, பூஜ்யத்தைக் கடந்து, கீழே அதே அளவுக்கு இறங்கி வருகிறது. நாம் சொல்லும் 230 என்பது அதன் பயனுறு மதிப்பு. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை வோல்டேஜ் இயல்பாகவே பூஜ்யம் ஆகிறது. ஆகவே பூஜ்யம் என்று கண்டதும் ‘கரண்ட் போச்சு’ என்று முடிவு கட்ட முடியாது. இந்த நொடியில் அலை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளே இருக்கும் சில்லு ஒரு மாதிரி அலையை வைத்துக்கொண்டிருக்கிறது. வந்துகொண்டிருக்கும் அலையை அதோடு இடைவிடாமல் ஒப்பிடுகிறது. விலகல் வரம்பைத் தாண்டி, ஓரிரு மில்லிவினாடி நீடித்தால் கோளாறு என்று முடிவு செய்கிறது. வரம்பை இறுக்கினால், பக்கத்தில் ஒரு வெல்டிங் மெஷின் ஓடினாலே பேட்டரிக்குத் தாவும். தளர்த்தினால் கம்ப்யூட்டர் அணைந்த பிறகு கண்டுபிடிக்கும். சரியான வரம்பு என்று ஒன்று கிடையாது. பின்னால் என்ன சாமான் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களில், முழு லோடில்கூட 16, 17 மில்லிவினாடிக்கு ஆற்றல் மிச்சம் இருக்கும். அதற்குள் மாற்றுவழி கிடைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு நடந்தது எதுவும் தெரியாது. மேஜைக்கு அடியில் கிடக்கும் மலிவான ஆஃப்லைன் யு.பி.எஸ் பிழைப்பதே இந்தச் சலுகையில்தான். கரண்ட் இருக்கும்வரை அது கரண்டை அப்படியே கடத்திவிட்டு பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் தூங்கும். கோளாறு கண்டதும் இன்வெர்ட்டரை எழுப்பி, ஒரு ரிலேயைத் தட்டும். ‘டிக்’ என்று கேட்பது அதுதான். கண்டுபிடிப்பது, எழுப்புவது, ரிலேயின் உலோக நாக்கு ஒரு முனையை விட்டு மறுமுனையைத் தொடுவது எல்லாம் சேர்ந்து 4 முதல் 10 மில்லிவினாடி.

வீட்டு இன்வெர்ட்டரும் இதே இனம்தான். அதன் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் ‘யு.பி.எஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ என்று போட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டவர்கள் குறைவு. யு.பி.எஸ் பக்கம் வைத்தால் ஏறக்குறைய 180-லிருந்து 260 வோல்ட் வரை மட்டுமே நல்ல கரண்ட் என்று ஒப்புக்கொள்ளும். வெளியே போனால் சட்டென்று பேட்டரிக்கு மாறும். நார்மல் பக்கம் வைத்தால் 100 முதல் 290 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும், மாறுவதும் மெதுவாகத்தான். மின்விசிறிக்கும் பல்புக்கும் அது போதும். ‘இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுதுங்க’ என்று குறைபட்டுக்கொள்ளும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவிட்சைத்தான். கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில், வோல்டேஜ் குறைவான தெருவில், அதை யு.பி.எஸ் பக்கம் வைத்திருப்பது வீண். மாலை முழுவதும் பேட்டரி கரையும்.

லைன் இன்டராக்டிவ் என்று விற்பது இதற்கு ஒரு படி மேல். வோல்டேஜ் குறைந்தால் உடனே பேட்டரிக்கு ஓடாமல், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் வேறு டேப்புக்கு மாற்றி வோல்டேஜை ஏற்றிவிடும். கூடினால் இறக்கிவிடும். பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும் இந்த நடு வழி கிராமத்து லைன்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

ஆன்லைன் யு.பி.எஸ்ஸின் கதை வேறு. அது வருகிற ஏ.சி கரண்டை ரெக்டிஃபையரால் டி.சி ஆக்கி, அந்த டி.சி-யிலிருந்து இன்வெர்ட்டரால் புதிதாக ஏ.சி தயாரிக்கிறது. ஐ.ஜி.பி.டி என்னும் குறைக்கடத்திச் சுவிட்சுகள் வினாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி அலையைச் செதுக்குகின்றன. இயந்திரத்துக்குப் போவது எப்போதும் இந்தச் செதுக்கிய கரண்ட்தான், மின்வாரியம் கொடுக்கும் ஈ.பி கரண்ட் அல்ல. பேட்டரி இருப்பது நடுவில், டி.சி பகுதியில். ஈ.பி போனால் ரெக்டிஃபையர் நிற்கும், பேட்டரி டி.சி-யைத் தாங்கும், இன்வெர்ட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எந்தச் சுவிட்சும் அசையாது. மாறும் நேரம் பூஜ்யம் மில்லிவினாடி என்று விளம்பரத்தில் போடுவது இந்த அர்த்தத்தில் நிஜம். மாற்றம் நடப்பது முன்வாசலில் இல்லை, கொல்லையில்.

அப்படியானால் ஆன்லைனில் வழி மாறும் வேலையே கிடையாதா? உண்டு. அது பைபாஸ். இன்வெர்ட்டருக்கு ஏதாவது ஆனாலோ, தாங்கும் அளவுக்கு மேல் லோடு வந்தாலோ, யு.பி.எஸ் தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டு ஈ.பி-யை நேரே இயந்திரத்துக்குக் கொடுத்துவிடும். பட்டறையில் ஒரு சர்க்யூட்டில் ஷார்ட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எம்.சி.பி டிரிப் ஆக வேண்டுமானால் அதன் வழியே இயல்பைப் போலப் பல மடங்கு கரண்ட் பாய வேண்டும். இன்வெர்ட்டரால் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க முடியாது, கொடுத்தால் ஐ.ஜி.பி.டி வெடித்துவிடும். ஆகவே அது பைபாஸுக்குத் தாவுகிறது. ஈ.பி-யின் முழு பலமும் பாய்ந்து எம்.சி.பி விழுகிறது, கோளாறு வெட்டப்படுகிறது, யு.பி.எஸ் மறுபடி இன்வெர்ட்டருக்கு வருகிறது. எதிலிருந்து காப்பாற்ற வைத்தோமோ அதையே உதவிக்குக் கூப்பிடுகிற ஏற்பாடு இது. வடிவமைத்தவர்களின் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி அந்தப் பெட்டிக்குள் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தாவலைச் செய்வது ரிலே அல்ல, தைரிஸ்டர்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். கேட்டில் ஒரு துடிப்பு கொடுத்தால் மைக்ரோ வினாடிகளில் திறந்துகொள்ளும். மூடுவது அப்படியில்லை. அதன் வழியே ஓடும் கரண்ட் தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை மூடாது. அதனால் ஒரு கணம் ஈ.பி-யும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இணைந்திருக்க நேரும். ஒன்றின் அலை உச்சியில் இருக்கும்போது மற்றது பள்ளத்தில் இருந்தால் இடையே 650 வோல்ட் வித்தியாசம். என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பக்கத்தில் ஓடுகிற பஸ்ஸுக்குக் கால் மாற்றுவதானால் இரண்டும் ஒரே வேகத்தில், படிக்குப் படி நேராக ஓட வேண்டும். ஆகவே இன்வெர்ட்டர் எந்நேரமும் ஈ.பி அலையோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. தேவை வருகிறதோ இல்லையோ, தயாராக.

ஈ.பி இல்லாதபோது யாரோடு ஒட்டுவது? அப்போது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை எண்ணி 50-ஐத் தானே வைத்துக்கொள்கிறது. ஓசூர் டைட்டன் ஆலையிலிருந்து 1987 வாக்கில் வெளிவரத் தொடங்கிய கைக்கடிகாரங்களில் வினாடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகத்தின் உறவுக்காரன்தான் இதுவும். பிறகு ஈ.பி திரும்பும்போது அதன் அதிர்வெண் 49.95 ஆக இருக்கலாம், அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்க நிலை, எங்கோ இருக்கலாம். சட்டென்று தாவி ஒட்டினால் பின்னால் இருக்கும் சாமான் திடுக்கிடும். எனவே இன்வெர்ட்டர் தன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ, வினாடிக்கு 1 ஹெர்ட்ஸுக்கு மிகாமல், மெல்ல நகர்ந்து ஈ.பி-யோடு கட்டம் சேர்கிறது. சேர்ந்தால்தான் பைபாஸ் வழி ‘தயார்’ என்று காட்டும். சேராதபோது லோடு மிஞ்சினால், ஒன்றை அணைத்து ஒரு சுழற்சி அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் மற்றதைக் கொடுக்க முடியும். பல சாமான்கள் அந்த இடைவெளியில் உட்கார்ந்துவிடும்.

ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் இது தினசரித் தலைவலி. தென்மண்டல மின்கட்டமைப்பில் உற்பத்தி போதாமல் அதிர்வெண் 48.5-க்கும் கீழே அடிக்கடி இறங்கும். 50-ஐச் சுற்றி ஒரு ஹெர்ட்ஸ்தான் வரம்பு என்று வெளிநாட்டில் வடிவமைத்து வந்த யு.பி.எஸ்களுக்கு நம் ஈ.பி நாள் கணக்கில் ‘தகுதியில்லாத’ கரண்ட்டாகவே தெரிந்திருக்கும். 2003 ஜனவரியில், அதிர்வெண் குறைந்த நேரத்தில் கூடுதலாக இழுப்பவருக்கு விலையை ஏற்றும் கட்டண முறை தெற்கே வந்தது. நிலைமை சீரானது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே தென்மண்டலம் நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே துடிப்பில் இணைந்தது. இன்று அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரை. தளியில் இருக்கும் யு.பி.எஸ்ஸும் டெல்லியில் இருக்கும் யு.பி.எஸ்ஸும் ஒரே தாளத்துக்கு ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன.

ஆனால் டீசல் ஜெனரேட்டருக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அங்கேதான் திரும்பி வருவதன் வில்லங்கம் முழுதாகத் தெரியும். கரண்ட் போகிறது, யு.பி.எஸ் பேட்டரியில். பத்துப் பதினைந்து வினாடியில் ஜெனரேட்டர் கிளம்பி கரண்ட் வருகிறது. லோடில்லாத ஜெனரேட்டரின் அதிர்வெண் 52 வரை இருக்கும். முழு லோடில் 50-க்கு வரும்படி அதன் கவர்னர் வைக்கப்பட்டிருக்கும். யு.பி.எஸ் ‘கரண்ட் வந்துவிட்டது’ என்று நம்பி மொத்த லோடையும், காலியான பேட்டரியைச் சார்ஜ் செய்யும் லோடையும் சேர்த்து ஒரே மூச்சில் தலையில் போட்டால், இஞ்சின் திணறும். அதிர்வெண் 47-க்கு விழும், வோல்டேஜும் கூடவே. யு.பி.எஸ் ‘இது கரண்டே இல்லை’ என்று மறுபடி பேட்டரிக்கு ஓடும். லோடு நீங்கியதும் இஞ்சின் உறுமிக்கொண்டு பழைய வேகத்துக்கு வரும். கரண்ட் நன்றாக இருக்கிறதே என்று யு.பி.எஸ் மறுபடி ஏறும். மறுபடி திணறல். டீசலும் எரிகிறது, பேட்டரியும் கரைகிறது, கடைசியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யு.பி.எஸ் அணைகிறது. ஜெனரேட்டர் மெக்கானிக் யு.பி.எஸ்ஸைக் குறை சொல்வார், யு.பி.எஸ் எஞ்சினியர் ஜெனரேட்டரைக் குறை சொல்வார். இரண்டும் தனித்தனியே பழுதில்லாதவை.

இதற்கு மருந்து அவசரப்படாமல் இருப்பது. நல்ல யு.பி.எஸ் கரண்ட் வந்ததும் உடனே நம்பாது. சில வினாடிகள் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கும். போகும்போது வைத்திருந்த வரம்பைவிடத் திரும்பும்போது வைக்கும் வரம்பு சற்றுக் கடினமாக இருக்கும், 180-ல் விலகினால் 190 வந்த பிறகே திரும்பும் என்பது போல. இல்லையென்றால் விளிம்பில் நின்று டிக் டிக்கென்று ஊசலாடும். ரெக்டிஃபையரும் லோடைப் பத்து வினாடி, இருபது வினாடி என்று படிப்படியாகத்தான் பேட்டரியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டரில் ஓடும்போது பேட்டரி சார்ஜைக் குறைத்துக்கொள்ளவும் பெரிய யு.பி.எஸ்களில் வசதி உண்டு. ஜெனரேட்டர் ஓடுவதை யு.பி.எஸ்ஸுக்குச் சொல்லும் வயரைப் பலர் இணைப்பதே இல்லை. யு.பி.எஸ் லோடைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிய ஜெனரேட்டர் வையுங்கள் என்று சொல்வது விற்பனைத் தந்திரம் அல்ல.

இதே ஊசலாட்டத்தைத் தெரு அளவிலும் பார்க்கலாம். நெடுநேர மின்வெட்டுக்குப் பின் கரண்ட் வந்ததும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் வீடுகளின் இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒன்றாகச் சார்ஜ் ஆகத் தொடங்கும். ஒரு 150 ஏ.எச் பேட்டரி 15 ஆம்பியரில் சார்ஜ் ஆனால் 200 வாட்டுக்கு மேல். ஐம்பது வீட்டுக்கு 10 கிலோவாட். நலிந்த லைனில் வோல்டேஜ் 180-க்குக் கீழே விழ அது போதும். யு.பி.எஸ் பக்கம் சுவிட்ச் வைத்த இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்கு ஓடும், வோல்டேஜ் ஏறும், திரும்ப வரும்.

ஆன்லைன் யு.பி.எஸ்ஸில் இருக்கும் எக்கோ மோட் பற்றி ஒரு வார்த்தை. இது வீட்டு இன்வெர்ட்டர் சுவிட்சில் பார்த்த எக்கோ அல்ல. ஆன்லைன் யு.பி.எஸ் கரண்டை இரண்டு முறை உருமாற்றுவதால் நூற்றுக்கு ஐந்து பங்கு வெப்பமாகப் போகிறது. ஈ.பி நன்றாக இருக்கும்போது பைபாஸிலேயே ஓட்டி, கோளாறு வந்தால் மட்டும் இன்வெர்ட்டருக்கு மாறினால் இழப்பு ஒரு பங்காகக் குறையும். 100 கிலோவாட் லோடு ஆண்டு முழுக்க ஓடினால் ஏறக்குறைய 35,000 யூனிட் மிச்சம். கணக்கு நிஜம், தொகையும் பெரிது. ஆனால் அப்போது அது பழையபடி கண்டுபிடித்து மாறும் இயந்திரமாகிவிடுகிறது, 2 முதல் 4 மில்லிவினாடி இடைவெளியோடு. நிலையான லைன் உள்ள தரவு மையத்துக்கு அது சரி. கோடை மழைக்காலத்தில் டிப் மேல் டிப் வாங்கும் எல்லைப்புறப் பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியில் பேட்டரிக்கு வருவோம். மாற்றத்தின் கணத்தில் யு.பி.எஸ் தோற்றுப்போனால் பெரும்பாலும் காரணம் அதுதான். பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரே ஒரு செல் உள்ளே அறுந்திருந்தாலும் மொத்த வரிசையும் செத்தது போலத்தான், சார்ஜ் ஆகும்போது அது வெளியே தெரியாமல் போகவும் கூடும். சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரிக்கு உகந்தது 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரைத் தொடும் இந்தப் பீடபூமியின் குளிர், சென்னைக்கோ வேலூருக்கோ கிடைக்காத வரம். எக்ஸைடு நிறுவனம் ஓசூரிலேயே பேட்டரி தயாரிக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் பேட்டரி, வெளியே இதமான காற்று. ஆனால் நம் பட்டறைகளில் பேட்டரி ரேக் இருப்பது தகரக் கூரைக்கு அடியில், கம்ப்ரசர் பக்கத்தில்.

யு.பி.எஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். சர்வீஸ் பண்ண வருகிறவர் பெட்டியைத் திறக்கும் முன் லோடை மெயின்டெனன்ஸ் பைபாஸ் என்னும் கைச்சுவிட்சுக்கு மாற்றுவார். வேலை முடிந்ததும் திருப்ப வேண்டும். அவசரத்தில் திருப்பாமல் கிளம்பிவிடுவது உண்டு. எல்லா இயந்திரமும் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்த டிப்பில்தான், யு.பி.எஸ் இல்லாமலே நாட்களை ஓட்டியது தெரியவரும். அவர் கிளம்பும் முன் முகப்புப் பேனலில் இன்வெர்ட்டர் விளக்கு எரிகிறதா, பைபாஸ் விளக்கு எரிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பிறகு, அவர் முன்னாலேயே, உள்ளே வரும் மெயினை ஒரு முறை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.